நியாய விலைக்கு எத்தனை கைகள்?

மண்ணைக் கெடுக்காத, உழைத்தவரை ஏமாற்றாத பொருள் என்றாலே விலை கூடுதல்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இயற்கை அங்காடிகளின் விலைச்சீட்டைப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த விலையில் சான்றிதழ், பொட்டலம், கடை வாடகை எல்லாமே அடங்கியிருக்கின்றன. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது போட்ட கணக்கு வேறு. விவசாயி நேரடியாக விற்கும் விலை, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது. தராசும் சந்தையே தரும். கத்தரிக்காய், வெண்டைக்காய், சின்ன வெங்காயம் என்று அன்றைய விலை காலையிலேயே பலகையில் ஏறிவிடும். விற்பவருக்கும் கூடுதல், வாங்குபவருக்கும் மிச்சம். இடையிலிருந்த கைகள் குறைந்ததால்தான் இது முடிந்தது. பக்கத்து ஊரில் விடியுமுன் பறித்த கீரைக்குக் குளிர்பதன வண்டி எதற்கு? மஞ்சப்பை போதும்.

காலையில் வேலைக்கு ஓடுகிறவர் சந்தைக்கு எப்போது போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேனை, பூசணி, வெங்காயம் எல்லாம் நாள்பட நிற்பவை. அவற்றுக்கு வாரம் ஒருமுறை போனால் போதும். கீரையைத் தெருவில் வரும் கூடைக்காரம்மாவிடம் பேரம் பேசாமல் வாங்கலாம். உழவர் சந்தையில் விற்பதெல்லாம் மருந்தடிக்காத காய் அல்ல என்பதும் உண்மைதான். அதற்காக விவசாயி கைக்கு நேராகப் போகும் காசை வேண்டாமென்று ஒதுக்க முடியாது. காய்கறியைத் தாண்டினால், அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் சின்ன ஷாம்பு பாக்கெட்டைத்தான் வாங்க முடியும்; அவர்களைக் குறை சொல்வது அநியாயம். மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாத அந்த உறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதைத் தயாரிக்கிறவர்கள்.

துணியில் மட்டும் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றால் ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்துக்கே உதவாமல் போனது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பனியனின் விலைச்சீட்டில் ஏறாத செலவை ஆற்றங்கரை விவசாயி தலையில் கட்டியிருந்தோம். கைத்தறி விலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாலு துவைப்பில் வெளுக்கும் மூன்று சட்டைகளுக்குப் பதில் வருடக்கணக்கில் உழைக்கும் ஒன்று போதும் என்றால் கணக்கு மாறுகிறது. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்குக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸில் மாதாமாதம் கட்டும் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.