கியர் விழலையா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி இந்த 4 சோதனை!

ராமநாதபுரத்துல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வருதுன்னு வச்சுக்குவோம். பெயின்ட் பளபளன்னு இருக்கு, எஞ்சினும் ஸ்டார்ட் ஆகுது. ஆனா கிளட்ச் பெடலை மிதிச்சா அப்படியே தரையில போய் உட்காருது, கியர் விழ மாட்டேங்குது. விக்கறவர் "சின்ன வேலைதான்"ங்கறார். மெக்கானிக் "கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட்டையே மாத்தணும் சார்"ங்கறார்.

யார் சொல்றது சரி? இந்தக் கேள்வியிலதான் உங்க பணம் மாட்டியிருக்கு. பதிலைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமும், பெடல் மிதிக்க ஒரு ஆளும் போதும்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-லிருந்து தயாரிச்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஞாபகம் இருக்கா? 1962-ல் இங்கிலாந்துல வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், அந்த ஹெரால்டு சேஸியைச் சுருக்கி உருவாக்கினதுதான். ரெண்டுலயும் கிளட்ச் ஹைட்ராலிக். அதாவது கேபிள் கிடையாது. பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய், ஹோஸ் வழியா கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். ஸ்லேவ் ஒரு ராடைத் தள்ளும், ராடு கிளட்சை விடுவிக்கும். ஆயில் கசிஞ்சாலோ, உள்ளே காத்து புகுந்தாலோ, ராடு முழுசா நகராது. கிளட்ச் பிளேட் புதுசா இருந்தாலும் கியர் விழாது.

நம்ம கடற்கரையில ஏன் சீக்கிரம் போகுது?

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தோட இரும்பை உப்புக்காத்து என்ன பாடு படுத்துச்சுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. உலோக அரிப்பை ஆராய காரைக்குடி சிக்ரி நிறுவனம் மண்டபத்துலயே சோதனைக் களம் வச்சது சும்மா இல்ல. அதே உப்பு ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் மூடிக்குள்ள புகுந்து வெளியிலிருந்து அரிக்கும். உள்ளிருந்து அரிக்கறது ஈரம். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் ரெண்டுமே காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஓட்டாம நிறுத்தியே வச்சிருந்த காரா இருந்தா, சிலிண்டர் உட்சுவர்ல துரு குழி குழியா விழுந்திருக்கும். பெடலை மிதிக்க மிதிக்க அந்தக் குழிகள் ரப்பர் சீலைக் கிழிச்சுடும்.

4 சோதனைகள்

1. வழுக்குதா, விடுபடலையா? ஆக்சிலேட்டர் கொடுத்தா எஞ்சின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலைன்னா அது வழுக்கல். பெரும்பாலும் பிளேட் தேய்மானம். கியர் விழலை, ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு உறுமுதுன்னா கிளட்ச் விடுபடலைன்னு அர்த்தம். கீழே உள்ள சோதனைகள் இந்த ரெண்டாவது வகைக்குத்தான்.

2. பம்ப் பண்ணிப் பாருங்க. பெடலை 5, 6 தடவை வேகமா மிதிங்க. பெடல் மேல ஏறி, கியர் விழ ஆரம்பிச்சா கோளாறு ஹைட்ராலிக் பக்கம். உள்ளே காத்து இருக்கு, இல்லேன்னா கசிவு இருக்கு.

3. ஈரத்தைத் தேடுங்க. ஆயில் டப்பால அளவு குறைஞ்சிருக்கா? பெடலுக்கு மேல, கார்ப்பெட்ல ஈரம் இருந்தா மாஸ்டர் சிலிண்டர். ஸ்லேவோட ரப்பர் மூடியை விலக்கினா ஆயில் சொட்டுதுன்னா ஸ்லேவ். எங்கேயும் கசிவே இல்ல, ஆனா பெடலை அழுத்திப் பிடிச்சா மெதுவா கீழே இறங்குதுன்னா, மாஸ்டருக்குள்ள சீல் போயிடுச்சுன்னு சந்தேகப்படலாம்.

4. ராடைப் பாருங்க. இதுதான் தீர்ப்பு. எஞ்சினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க. ஒருத்தர் பெடலை மிதிக்கட்டும், நீங்க ஸ்லேவ் ராடைப் பாருங்க. ராடு நகரலை, இல்ல கொஞ்சமாதான் நகருதுன்னா கோளாறு ஹைட்ராலிக்ல. மிதிக்கும்போது ஹோஸ் உப்புதான்னும் பாத்துக்குங்க. ராடு முழுசா நகர்ந்தும் கியர் விழலைன்னா கோளாறு உள்ளே: ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட். ரொம்ப நாள் நின்ன காரா இருந்தா, பிளேட் துருப்பிடிச்சு ஃப்ளைவீல்ல ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போ மெக்கானிக் சொன்னது சரி, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.

இப்போ பணக் கணக்கு

ஸ்லேவ் வெளியில இருக்கற கார்ல சீல் கிட் மாத்தி, காத்து எடுத்து, புது ஆயில் ஊத்தினா வேலை முடிஞ்சது. ஆனா சிலிண்டரைக் கழட்டினதும் உட்சுவரை விரல் நகத்தால தடவிப் பாருங்க. குழி தட்டுப்பட்டா கிட் போடறது வீண் செலவு, புது சீலும் சீக்கிரமே கிழியும். முழு சிலிண்டரையே மாத்துங்க. வெளிநாட்டுலிருந்து வரவழைக்கற பார்ட்ஸுக்கு கூரியர், சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சில கார்கள்ல ஸ்லேவ் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அதை மாத்தவே கியர்பாக்ஸை இறக்கணும். அப்போ தேய்ஞ்ச பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்து மாத்திடறதுதான் லாபம், ஒரே கூலியில முடியும்.

இன்ஷூரன்ஸ்ல வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. வழக்கமான மோட்டார் பாலிசியில தேய்மானமும் இயந்திரக் கோளாறும் கவர் ஆகாது. ரோடுசைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தா, காரை இழுத்துட்டுப் போற செலவு மட்டும் மிச்சமாகலாம்.

அதனால தடுப்புதான் மலிவு. 2 வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்துங்க. டப்பா மூடியில போட்டிருக்கற வகையை மட்டும் ஊத்துங்க. அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிப்போயிடும். பெயின்ட்ல பிரேக் ஆயில் சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பான்னா, கசிவு தெரிஞ்ச அன்னைக்கே வண்டியை நிறுத்துங்க. பாம்பன் ரோடு பாலத்து மேல போய்ச் சோதிச்சுப் பாக்கற விஷயம் இல்ல அது.

கார் வாங்கப் போனாலும் சரி, ரிப்பேருக்கு விட்டாலும் சரி, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "ஸ்லேவ் ராடு எவ்வளவு நகருதுன்னு பாத்தீங்களா?" பாக்கலைன்னு பதில் வந்தா, பர்ஸைத் திறக்காதீங்க. முதல்ல ராடைப் பாருங்க.