பாலிசியின் பொடி எழுத்துகள்

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். 'ஒரு நாள் முழுக்க அட்மிட் ஆகவில்லையே' என்று ஒருமுறை காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்தது. டயாலிசிஸுக்கு 24 மணி நேர அனுமதி தேவையில்லை என்று அவர்கள் கொடுத்த பாலிசியிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வரியை அடிக்கோடிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். பணம் வந்தது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி எந்த இடத்திலும் முறையிட முடியாது. முறையீட்டுக்கு நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டால், காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

புதிதாக பாலிசி எடுப்பவர்கள் நோயை மறைக்கவே கூடாது, ஏஜென்ட் 'அதெல்லாம் எழுத வேண்டாம்மா' என்று சொன்னாலும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம்தான். கம்பெனி மாறினாலும் காத்திருந்த காலம் கணக்கில் சேரும்; புதுப்பிக்கும் தேதி மட்டும் தப்பக்கூடாது.

டயாலிசிஸ் வார்டில் நகையை அடகு வைத்துவிட்டு வரும் பெண்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே டயாலிசிஸ் உண்டு. பக்கத்தில் உட்காருபவரிடம் நான் முதலில் கேட்பது, 'வருமானச் சான்று வாங்கிட்டீங்களாக்கா?'