தொற்றுக் காலத்தில் இருதய நோயாளிகள்: வீட்டில் இருந்தாலும் சிகிச்சையை விடாதீர்கள்

கோவிட்-19 பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட் நோயாளிகளால் நிரம்பியது. மருத்துவமனைக்குப் போனால் தொற்று வந்துவிடுமோ என்று முதியவர்கள் அஞ்சியது இயல்பே. ஆனால், இருதய நோய் உள்ளவருக்கு அந்த அச்சமே ஆபத்தாகலாம்.

2020 மார்ச்சில் இத்தாலியில் ஒரு வாரத்தில் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே வாரத்தைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சேர்ந்தவர்களிடையே இறப்பு விகிதமோ சுமார் மூன்று மடங்கானது. பயத்தால் பலர் வராமலும் தாமதமாக வந்தும் இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர்.

கோவிட் இன்னும் முற்றிலும் மறையவில்லை. சளிக்காய்ச்சலும் அவ்வப்போது பரவுகிறது. ஆகவே, கீழ்க்காணும் பழக்கங்கள் எப்போதும் உதவும்.

மருந்து

• நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். சில இரத்த அழுத்த மருந்துகள் கோவிட்டைக் கடுமையாக்கும் என்று 2020-இல் ஒரு பேச்சு பரவியது. பின்னர் நடந்த ஆய்வுகளில், அவற்றை நிறுத்தியவர்களுக்கு நன்மை ஏதும் காணப்படவில்லை.
• இரண்டு வார மருந்து மீதம் இருக்கும்போதே அடுத்த மருந்தைப் பெற ஏற்பாடு செய்யுங்கள். அஞ்சல் வழியாகவோ காரில் இருந்தபடியோ மருந்து பெறும் வசதி உண்டா என்று உங்கள் அரசாங்க மருந்தகத்தில் கேளுங்கள்.
• காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் போதும். மற்ற வலி மாத்திரைகள் சில உடலில் நீரைத் தேக்கும். அவற்றையோ ஜாமு, நாட்டு மருந்தையோ மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

தினமும் காலையில்

இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீர் கழித்த பின், காலை உணவுக்கு முன், எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். மூன்று நாளில் 2 கிலோ அல்லது அதற்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். கால் வீக்கம், தலையணையை உயர்த்தினால்தான் படுக்க முடிவது, இரவில் மூச்சு வாங்கி எழுவது ஆகியவையும் இதன் அறிகுறிகள். அன்றே கிளினிக்கை அழையுங்கள்.

உணவும் நடையும்

ஒரு நாளுக்கு உப்பு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்கு (5 கிராம்) மேல் வேண்டாம். வீட்டில் அடைந்திருக்கும்போது கைக்கு எளிதில் கிடைப்பவை ஊறுகாய், கருவாடு, அப்பளம், மீ பாக்கெட், கிச்சாப்பு. உப்பு மிகுந்தவையும் இவைதாம். குடிக்கும் நீரின் அளவை மருத்துவர் குறைத்திருந்தால், காப்பி, தேநீர், ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வீட்டுக்குள்ளேயே பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்துங்கள்.

தொற்று வந்தால்

தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சளிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி உண்டு. காய்ச்சல், இருமல் வந்தால் உடனே கோவிட் பரிசோதனை செய்யுங்கள். கோவிட் மாத்திரையை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். அது சில கொழுப்பு மாத்திரைகளுடனும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளுடனும் ஒத்துப்போகாது. எனவே, உங்கள் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடனே 999-ஐ அழையுங்கள்

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி. அது கை, தாடை, முதுகுக்குப் பரவுதல்
• குளிர்ந்த வியர்வை, மயக்கம், கடுமையான மூச்சுத்திணறல்

முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குத் தரப்பட்டிருந்தால், உட்கார்ந்து ஒன்றை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தீராவிட்டால் காத்திருக்க வேண்டாம். நீங்களே கார் ஓட்டிச் செல்லாதீர்கள். ‘வாயுத் தொல்லை’ என்று விடியும்வரை பொறுக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்றும் நினைக்காதீர்கள்.

மருந்துப் பட்டியல், அடையாள அட்டை, மருத்துவச் சந்திப்பு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு, அது இருக்கும் இடத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.