வெட்டினால் போகாது வேலிக்காத்தான்!

மரம் நடுவது தர்மம் என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறியும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்பதெல்லாம் நட்டவருக்கு ஸதக்காவாக அமையும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மக்கள் நடக்கும் பாதையில் இடையூறாக நின்ற மரமொன்றை வெட்டி அகற்றியதற்காகச் சுவனத்தின் இன்பத்தை அடைந்த ஒரு மனிதரைப் பற்றியும் ஹதீஸில் காண்கிறோம். நடுவதும் நன்மை, அகற்றுவதும் நன்மை. எது எங்கே பொருந்தும் என்பதை, அம்மரத்தால் பிறருக்கு விளைவது பயனா, தொல்லையா என்ற கேள்வியே தீர்மானிக்கிறது.

அன்பு வாசகர்களே! இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, ஊர்ப்புறத்தில் உங்களுக்கிருக்கும் மனையையும் கொல்லையையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காரைக்கால் வட்டாரம் காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராயனாறும் கடலைச் சேரும் இம்மண்ணில், உழவு நின்ற வயலும் ஆள் நடமாட்டமற்ற தோப்பும் வெறுமையாகக் கிடப்பதில்லை. சில ஆண்டுகளிலேயே அங்கே வேலிக்காத்தான் குடியேறிவிடுகிறது. சீமைக் கருவேலம் என்று நூல்களிலும், காட்டுக்கருவை என்று பேச்சிலும் வழங்குவது இதுவே. உப்புப் பூத்த நிலத்திலும் இது தழைக்கும். கோடையிலும் பசுமை மாறாது.

இது நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் இதன் தாயகம். 1877-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகள், அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவும், வறண்ட நிலத்திற்குப் பசுமை தரவும் என்று நல்ல எண்ணத்துடனேயே இது கொண்டுவரப்பட்டது. அந்த நோக்கம் பொய்த்துவிடவும் இல்லை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இம்மரத்தைக் கரியாக்கி விற்றே எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அடுப்பெரித்து வருகின்றன. அளவோடு நின்றிருந்தால் இதைப் பழிக்க யாருக்கும் காரணம் இருந்திராது. அளவோடு நிற்காமையே இதன் இயல்பு.

ஆப்பிரிக்காவின் கென்யாவிலும் இதே கதைதான். பரிங்கோ ஏரிப் பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் இது நடப்பட்டது. மேய்ச்சல் நிலங்கள் முள்காடாயின. இதன் இனிப்பு நெற்றுகளை ஓயாமல் தின்ற ஆடுகளின் பற்கள் சொத்தையாகி உதிர்ந்தன. அம்மக்கள் 2006-ஆம் ஆண்டில் அரசின்மீது வழக்குத் தொடுத்து, பல்லில்லாத ஆடு ஒன்றையே நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்று சாட்சியாக நிறுத்தினர்.

தமிழகத்தில் 2017-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டபோது, ஊர்தோறும் இயந்திரங்கள் முழங்கின. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கும் இயற்கைச் சூழலை மீட்பதற்கும் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆயினும், அரிவாள் பட்ட பல இடங்களில் இன்று முன்னினும் அடர்ந்த புதரே நிற்கிறது. காரணம் என்ன?

இம்மரத்தின் உயிர் கிளையிலும் இல்லை; தண்டிலும் இல்லை. மண் மட்டத்திற்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் கூடுமிடத்தில் உறங்கும் மொட்டுகளில் இருக்கிறது. தரைக்கு மேலே வெட்டும்போது, அந்த மொட்டுகளை நாமே எழுப்பிவிடுகிறோம். ஒற்றை மரம் நின்ற இடத்தில் பத்துப் போத்துகள் கிளம்புகின்றன. விறகுக்காக வெட்டுபவருக்கு இது இலாபம். நிலத்தை மீட்க விரும்புபவருக்கோ ஆண்டுதோறும் கூலி நஷ்டம்.

ஆகவே, செய்ய வேண்டிய முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, மரத்தை இனங்காணுங்கள். நம் நாட்டுக் கருவேலமரமும் முள் உடையதே. அதை அறியாமல் வெட்டிவிடக் கூடாது. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறத்தில் சிறு பந்து போல உருண்டிருக்கும். அதன் காய், மணிகளைக் கோத்த மாலை போல இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ, வெளிர்மஞ்சள் நிறத்தில் கதிர் போல நீண்டு தொங்கும். நெற்று வைக்கோல் நிறத்தில் நீண்டிருக்கும்.

இரண்டாவது, காலத்தைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் காயாதிருக்கும் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. இளங்கன்றுகள் அப்போது கையோடு வந்துவிடும். கோடையில் நெற்று முற்றி உதிருமுன் வேலையை முடிப்பது நன்று.

மூன்றாவது, வேரோடு எடுங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு சுற்றிலும் பறித்து, தரைக்குக் கீழே ஓர் அடி ஆழம் வரையாவது அடிக்கட்டையை அகற்ற வேண்டும். ஆழத்தில் ஓடும் வேர் முழுவதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. மொட்டுள்ள பகுதி வெளியேறினால் போதும். பெரிய மரமாயின் பொக்லைன் வைப்பதே சிக்கனம். வெட்டிய கட்டையில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. கிணறும் குளமும் அருகருகே உள்ள நம் ஊர்களில் அந்த எண்ணெய் தண்ணீரில் கலக்கும் அபாயம் இருப்பதால், அதைத் தவிர்ப்பதே நல்லது.

நான்காவது, ஆட்டைக் கவனியுங்கள். ஆடும் மாடும் தின்ற நெற்றின் விதை, சாணத்தோடு விழுந்து அங்கேயே முளைக்கிறது. வயிற்றில் ஊறிய விதையின் கடின ஓடு இளகிவிடுவதால் முளைப்பு இன்னும் எளிதாகிறது. எனவே நெற்றுகளைக் கூட்டியள்ளி எரித்துவிடுங்கள். முள்காட்டில் மேய்ந்த ஆடுகளைத் திருத்திய நிலத்தில் உடனே விடாதீர்கள்.

ஐந்தாவதே மிக முக்கியம். வெறும் நிலமாக விட்டுவிடாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். குறைந்தது மூன்று மழைக்காலங்களுக்கு, மழை ஓய்ந்ததும் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, முளைத்தவற்றைப் பிடுங்குங்கள். கூடவே புங்கு, பூவரசு, புன்னை, வேம்பு, பனை ஆகியவற்றை நடுங்கள். இவை கடற்கரைக் காற்றைத் தாங்குபவை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் முள்மரங்களை ஒரே நாளில் முழுவதுமாகப் பிடுங்கினால், அடுத்த மழையில் கரை சரியக்கூடும். அங்கே பகுதி பகுதியாக அகற்றி, மாற்று மரம் வேர் பிடித்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்க.

ஒரு தவறான செய்தியையும் இங்கே களைய வேண்டும். இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்று பலரும் கூறுவர். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இதன் வேர் மிக ஆழமாகச் செல்லவல்லது, வாய்க்கால்களை அடைக்கிறது, தன் நிழலில் பிற செடிகளை வளரவிடுவதில்லை. உண்மையான இக்குற்றங்களே போதும். கற்பனைக் குற்றங்களை நாம் சேர்க்க வேண்டியதில்லை.

இனி, இக்கட்டுரையின் உட்கருத்துக்கு வருகிறேன். காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் ஆண்மக்கள் பிரான்ஸிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். வாரிசுகள் நாற்புறமும் சிதறியிருக்க, பாகம் பிரிக்கப்படாத மனைகள் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் முள்காடாகின்றன. அந்நிலத்தின் முள், எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்து வயலில் குத்தகைக்குப் பயிரிடும் ஏழை, ஆண்டுதோறும் உங்கள் மரத்தின் கன்றுகளைத் தம் கைக்காசைச் செலவழித்துப் பிடுங்குகிறார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் காலில் உங்கள் மனையின் முள் ஏறுகிறது. வாய்க்கால் அடைபட்டு, கார்த்திகை மழையில் தண்ணீர் வேறொருவர் வீட்டுக்குள் புகுகிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். அவ்வுரிமை, நாம் ஊரில் இல்லாதபோதும் நம்மீது இருக்கத்தான் செய்கிறது.

மையவாடிகளின் நிலையும் பல ஊர்களில் இதுவே. ஜனாஸாவைச் சுமந்து வருவோர் முள்ளுக்கு ஒதுங்கி நடக்கும் நிலை நமக்கு அழகன்று. ஜமாஅத்தும் முத்தவல்லிகளும் முன்வந்து, ஆண்டுக்கு ஒருமுறை தை மாதத்தில் இளைஞர்களைத் திரட்டினால், பெருஞ்செலவின்றியே இது முடியும். 2019-ஆம் ஆண்டில் காரைக்காலில் 'நம் நீர்' திட்டத்தின்கீழ் அரசும் பொதுமக்களும் கைகோத்துக் குளங்களைத் தூர்வாரியதை நாம் அறிவோம். குளத்திற்குக் கூடிய கைகள் முள்ளுக்கும் கூடலாம் அல்லவா?

வெட்டிய விறகை என்ன செய்வது? அதை விற்றுக் கூலியை ஈடுகட்டலாம். வசதியுள்ளவர்கள், எரிவாயு வாங்க இயலாத இல்லங்களுக்கு அதைக் கொடுத்துவிடலாம். நேற்றுவரை அந்தக் காட்டில் சுள்ளி பொறுக்கிப் பிழைத்த பெண்மணிக்கு, நிலம் திருந்தியதும் அடுப்பு அணைந்துவிடக் கூடாது.

வெளிநாட்டில் வாழும் சகோதரர்களே! அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, வீட்டையும் உறவையும் விசாரிப்பதோடு, 'நம் கொல்லை எப்படி இருக்கிறது?' என்றும் கேளுங்கள். ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, மூன்றாண்டுக் கூலியை ஒதுக்குங்கள். முள்ளை அகற்றிய நன்மையும், அவ்விடத்தில் நட்ட மரத்தின் நன்மையும் ஒரே நிலத்தில் உங்களுக்குக் கிடைக்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!