டேவுக்குச் சம்பளம் எவ்வளவு? ஒரு சுஷி கடை கேம் எனக்குக் காட்டிக் கொடுத்த கணக்கு

சைடு பிசினஸ் பத்தி வீடியோ போட்டாலே ஒரு கேள்வி தவறாம வரும். "ப்ரோ, எனக்கு சமையல் நல்லா வரும். வேலையை விட்டுட்டு சின்னதா ஒரு ஃபுட் பிசினஸ் ஆரம்பிக்கலாமா?" இதுக்கு ஆமா, இல்லைன்னு ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல முடியாது. அதனால இந்த வாரம் ஒரு வீடியோ கேமைப் பத்தி எழுதுறேன். டேப்பை மூடிடாதீங்க, விஷயம் இருக்கு.

கேமோட பேர் டேவ் தி டைவர். தென் கொரியாவோட மின்ட்ராக்கெட் டீம் உருவாக்கினது. 2022 அக்டோபர்ல முன்னோட்டமா வந்துச்சு, 2023 ஜூன்ல முழுசா வெளியாச்சு. 2024 தொடக்கத்துக்குள்ளயே 30 லட்சம் காப்பி தாண்டிடுச்சு. மின்ட்ராக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிறது நெக்ஸான்ங்கிற பெரிய கம்பெனி. 2023 கேம் அவார்ட்ஸ்ல இதைச் சிறந்த இண்டி கேம் பட்டியல்ல சேர்த்ததும், "இவ்வளவு பெரிய கம்பெனி போட்ட கேம் எப்படிங்க இண்டி ஆகும்?"னு பெரிய சண்டையே நடந்துச்சு.

நெக்ஸான்னு கேட்டதும் ஒரு விஷயம் சொல்லியாகணும், நம்ம ஏரியா அது. 2024 ஜனவரியில கொரியாவோட போட்டி ஒழுங்குமுறை ஆணையம் நெக்ஸானுக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டுச்சு. மேப்பிள்ஸ்டோரி கேம்ல காசு கொடுத்து வாங்குற 'கியூப்'ல நல்ல ஆப்ஷன் விழுற வாய்ப்பை, ஆடுறவங்களுக்குச் சரியாச் சொல்லாமலே குறைச்சாங்கங்கிறதுதான் புகார். அதே வீட்டுல இருந்து வந்த டேவ் தி டைவர்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிட்டா, கடைசி வரைக்கும் ஆடலாம். உங்க தம்பி மொபைல் கேம்ல 49, 99னு விட்டுக்கிட்டு இருந்தா இந்த வித்தியாசத்தை அவனுக்குக் காட்டுங்க.

சரி, கதைக்கு வர்றேன். டேவ் கொஞ்சம் குண்டான, சோம்பேறி மாதிரி தெரியுற ஒரு டைவர். கடற்கரையில ஜாலியா லீவுல இருக்கார். அப்போ கோப்ரான்னு ஒரு நண்பர் போன் பண்றார். "ப்ளூ ஹோல்னு ஒரு இடம் இருக்கு, எல்லாக் கடல் மீனும் ஒரே இடத்துல கிடைக்குது, பக்கத்துலயே சுஷி கடை போடுறோம், வா"ங்கிறார். நமக்கெல்லாம் இப்படி ஒரு ஃபிரெண்ட் இருக்கான். ஐடியா அவனோடது, ஓடுறது நாம.

பகல்ல டேவ் கடல்ல குதிச்சு மீன் பிடிக்கிறார். ராத்திரி அதே மீனை பாஞ்சோங்கிற மாஸ்டர் சுஷியா போட்டுக் கொடுப்பார். பாஞ்சோ அதிகம் பேச மாட்டார், கத்தி மட்டும்தான் பேசும். தட்டை எடுத்துக்கிட்டு ஓடுறது, டீ ஊத்துறது, வசாபி அரைக்கிறதுன்னு மிச்சம் எல்லாமே டேவ்தான். கஸ்டமர் கொஞ்ச நேரம்தான் பொறுப்பாங்க. லேட்டானா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க.

முதல் சில நாள் ராத்திரி நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். அன்னைக்கு வந்த காசு திரையில கூடிக்கிட்டே போகும். "அட, நல்லா ஓடுதே கடை"ன்னு தோணும். அதுக்கப்புறம் மிச்சத்தைக் கவனிச்சேன். திறக்குறதுக்கு முன்னாடி எத்தனை தட்டுன்னு முடிவு பண்ணி மெனுவுல போடணும். விக்காதது கடை மூடும்போது குப்பைக்குப் போயிடும். ஆர்வக்கோளாறுல நான் சுறா சுஷியை அடுக்கி வெச்சுட்டேன். பாதி குப்பைக்குப் போச்சு. அந்தச் சுறாகிட்ட கடி வாங்கி, ஆக்ஸிஜன் பாதி போய், உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மேல கொண்டு வந்தேங்க அதை!

அந்த இடத்துல கன்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டேன். எனக்கு ஞாபகம் வந்தது சுறா இல்ல, பிரியாணி அண்டா.

வீடியோல இதை நான் முழுசாச் சொன்னதே இல்ல. சில வருஷம் முன்னாடி வேலையில இருந்துக்கிட்டே நானும் என் நண்பனும் வீக்எண்ட் பிரியாணி போட்டோம். ஆளுக்கு 80,000 ரூபாய், மொத்தம் 1,60,000. அண்டா, அடுப்பு, ஃப்ரீசர், கிச்சன் அட்வான்ஸ்ல போன துண்டுன்னு எல்லாம் அதுல அடக்கம். ஒரு வீக்எண்டுக்கு சராசரியா 60 பிளேட், பிளேட் 180 ரூபாய். மாசம் நாலு வாரம்னு வெச்சா விற்பனை 43,200. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அந்த நம்பரைத்தான் பெருமையாப் போட்டோம்.

செலவைப் பாருங்க. அரிசி, கறி, மசாலா 17,000. டப்பா, கவர் 2,900. கிச்சன் வாடகை 8,000. டெலிவரி ஆப் கமிஷன் 5,400 (பாதி ஆர்டர்தான் ஆப் வழியா வந்துச்சு, அதனால இவ்வளவோட தப்பிச்சோம்). உதவிக்கு வந்த அண்ணனுக்கு 3,200. கேஸ் 1,500. மொத்தம் 38,000. மிச்சம் 5,200, ஆளுக்கு 2,600.

"பரவாயில்லையே, லாபம்தானே?"ன்னு நீங்க நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஏழு மாசம் அப்படியே நினைச்சோம்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஆளுக்குப் பத்து மணி நேரம் நின்னோம். மாசத்துக்கு 80 மணி நேரம். 2,600-ஐ 80-ஆல வகுத்துப் பாருங்க. மணிக்கு 32 ரூபாய் 50 காசு. அப்போ ஆபீஸ்ல எனக்கு 48,000 சம்பளம், மாசம் 200 மணி நேர வேலை. மணிக்கு 240 ரூபாய். சனிக்கிழமை விடியக்காலைல எழுந்து வெங்காயம் வெட்டுன நான், என்னையே 32 ரூபாய்க்கு வேலைக்கு வெச்சிருக்கேன். வெளியாள் யாராவது அந்தச் சம்பளம் சொல்லியிருந்தா போடான்னு சொல்லியிருப்பேன்.

எங்க நோட்டுல வாடகைக்கு ஒரு வரி இருந்துச்சு, கேஸுக்கு இருந்துச்சு, கருவேப்பிலைக்குக் கூட இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் சம்பளம்னு ஒரு வரி இல்ல. இருந்திருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்கும்.

இப்போ டேவ் கிட்ட திரும்பி வாங்க. ராத்திரி கணக்குல டேவுக்குச் சம்பளம் எங்கேன்னு தேடிப் பாருங்க. இருக்காது. காலையில ஒரு டைவ், மதியம் ஒரு டைவ், ராத்திரி சர்வர் வேலை. கதை நகர நகர ராத்திரியிலயும் கடல்ல இறங்க வேண்டி வரும். வர்ற காசு ஆக்ஸிஜன் டாங்க், டைவிங் சூட், ஈட்டித் துப்பாக்கி, கடை அலங்காரம்னு திரும்பத் திரும்ப அங்கேயே போகும். மீன் ஃப்ரீயாக் கிடைக்குற மாதிரித் தெரியும், ஏன்னா வாங்குன பில் இல்ல. ஆனா அந்த மீனோட விலை டேவோட பகல் முழுக்க. பில் இல்லாததால அது செலவே இல்லைன்னு நமக்குத் தோணுது, அவ்வளவுதான்.

கேம் சொல்ற பெரிய பொய் இன்னொண்ணு இருக்கு. வாடகை கிடையாது. கடல் ஓரத்துல, வ்யூவோட, வாடகை இல்லாத கடை! இஎம்ஐ இல்ல, ஜிஎஸ்டி இல்ல, கமிஷன் வெட்டுற ஆப் இல்ல. குக்ஸ்டான்னு ஒரு ஆப் இருக்கு, இன்ஸ்டாகிராம் மாதிரி. அதுல ஃபாலோயர் ஏற ஏற கடையோட ரேங்க் ஏறும், கூட்டம் வரும். நிஜத்துல எங்க பிரியாணி ரீல் ஒண்ணு நல்லாவே ஓடுச்சு, லைக் குவிஞ்சுது. ஆர்டர் அதே 60-தான்.

ஆனா கேமைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். அது சரியாச் சொல்ற இடங்கள் எனக்கு உறைச்சது.

ஆக்ஸிஜனை எடுத்துக்கோங்க. இதுல உயிரும் ஆக்ஸிஜனும் ஒண்ணுதான், தனி ஹெல்த் மீட்டர் இல்ல. மீன் கடிச்சாலும் ஆக்ஸிஜன்தான் குறையும், சும்மா நின்னாலும் குறையும். அது தீர்ந்துட்டா, அந்த டைவ்ல பிடிச்சதுல ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சம் எல்லாத்தையும் விட்டுட்டு வரணும். பை நிறைஞ்சு வழியும்போதுதான் "இன்னும் ஒரே ஒரு மீன்"னு கை போகும். பை கனமானா நீந்துற வேகமும் குறையும்ங்கிறது அப்போ மறந்துடும். கையில ஆறு மாசச் செலவுக்குப் பணம் இல்லாம ரிசைன் லெட்டர் டைப் பண்றவங்களைப் பார்த்தா எனக்கு இந்தக் காட்சிதான் கண்ணுக்கு வருது. பிசினஸ் நல்ல பிசினஸாவே இருக்கலாம். அது மேல வர்றதுக்குள்ள மூச்சு நிக்கணுமே.

அப்புறம் அந்தக் குப்பை விஷயம். கொஞ்சம் ஆடுனதுக்கப்புறம்தான் மெனுவுல ஆட்டோ சப்ளைன்னு ஒரு வசதி இருக்கிறதைக் கவனிச்சேன். அதை ஆன் பண்ணிட்டா தட்டு தீரத் தீர பாஞ்சோ அடுத்ததைப் போடுவார், மீன் வீணாகாது. எங்க அண்டாவுக்கு அந்தச் சுவிட்ச் இருந்துச்சு, முன்பதிவு மட்டும்னு சொல்லியிருக்கணும். "கூட்டம் வந்து இல்லைன்னு சொன்னா பேர் கெட்டுடும்"னு நான்தான் அடம் பிடிச்சு 80 பிளேட்டுக்கு அரிசி போட வெச்சேன். என் நண்பன் வேண்டாம்னுதான் சொன்னான். இதைப் படிச்சா சிரிப்பான்.

மூணாவதா ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கேம் நடுவுல மீன் பண்ணை வரும். அங்க மீன் தானா பெருகும், அதுக்காக டேவ் குதிக்க வேண்டியதில்ல. விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கலாம், காசு போட்டு அவங்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். சமையலுக்கு ஒருத்தர், பரிமாற ஒருத்தர்னு வந்ததும் டேவ் ஓடுறது குறையும். கடைசியில கிளை திறந்து அங்கேயும் ஆளை அனுப்பலாம். டேவ் இல்லாத இடத்துல இருந்து காசு வர்றது அப்போதான். அதுவரைக்கும் கடைக்கு டேவ் முதலாளி இல்ல, சம்பளம் வாங்காத ஊழியர். ரெண்டு நாள் டேவுக்குக் காய்ச்சல் வந்தா கடைக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ஐடியாவுலயும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்க, பதில் எழுதும்போது கை நிக்குதான்னு பாருங்க.

கேள்வி கேட்டவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஆரம்பிக்காதீங்கன்னு சொல்லல. முதல் மூணு மாசம் வேலையில இருந்துக்கிட்டே செஞ்சு பாருங்க. எக்செல்ல ஒரு வரி கூடுதலாப் போடுங்க: "என் சம்பளம்". இப்போ ஆபீஸ்ல மணிக்கு எவ்வளவு வாங்குறீங்களோ, அதுல பாதியையாவது அங்க எழுதுங்க. மார்க்கெட் போன நேரம், போன்ல ஆர்டர் எடுத்த நேரம், பாத்திரம் கழுவுன நேரம் எல்லாத்தையும் சேருங்க. வீட்ல அம்மாவோ மனைவியோ உதவி பண்ணா அவங்க மணி நேரமும் அதுல வரணும். இதுலதான் நிறையப் பேர் ஏமாத்துறாங்க, வேற யாரையும் இல்ல, தங்களைத்தான். இவ்வளவும் கழிச்சு மிச்சம் நின்னா அது பிசினஸ். மைனஸ்ல போனா, எத்தனை பிளேட் வித்தா பிளஸ் ஆகும்னு கணக்குப் போடுங்க. அத்தனை பிளேட் அந்தக் கிச்சன்ல, உங்க ரெண்டு கையால முடியுமான்னும் பாருங்க.

எங்க கணக்கு எப்படி முடிஞ்சதுன்னு கேப்பீங்க. ஏழு மாசத்துல வந்த லாபம் 36,400. அண்டா, ஃப்ரீசர் எல்லாத்தையும் வித்ததுல 35,000. போட்டது 1,60,000. ஆளுக்கு 44,300 நஷ்டம், கூடவே ஆளுக்கு 560 மணி நேரம். அந்த மணி நேரத்துக்கு யாரும் ரசீது தரல.

நண்பன் போன மாசம் மறுபடி போன் பண்ணான். "மச்சி, இந்தத் தடவை முன்பதிவு மட்டும், ஞாயிறு மட்டும், ஒரு மாஸ்டரைச் சம்பளத்துக்கு வெச்சுடலாம். ஷீட் அனுப்புறேன், பாரு." ஷீட்டைத் திறந்தேன். வாடகைக்கு மேல, முதல் வரியிலேயே எங்க ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு, பக்கத்துல மணிக்கு 150-ன்னு போட்டிருந்தான். கடைசி வரி இன்னும் மைனஸ் 1,900-லதான் நிக்குது. பிளேட் விலையை 210 ஆக்கலாமான்னு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்.