மருந்துக் கடைக்காரர் மனம் வைத்தால் மட்டும் போதுமா?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவிலைச் சொல்வோர் உண்டு. பீங்கானைச் சொல்வோரும் உண்டு. நாம் இங்கே பேச வந்தது பீங்கானைப் பற்றி. வீட்டிலே ஃபியூஸ் கட்டை, கொலுவிலே பொம்மை என்று பல வடிவங்களில் நம்மிடம் வந்து சேரும் அந்தப் பீங்கானைப் பார்க்கிறோம், மெச்சுகிறோம். அதைச் செய்த தொழிலாளியின் நெஞ்சு என்ன பாடுபடுகிறது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

பீங்கான் வெறும் களிமண் அல்ல. களிமண்ணோடு குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகிய கற்களின் பொடியும் சேருகிறது. அரைக்கும் இடத்திலும், காய்ந்த மண்ணைக் கொட்டும் இடத்திலும் எழுகின்ற தூசியிலே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் கலந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அப்படிப்பட்ட நெஞ்சிலே காசநோய் குடியேறுவதும் எளிது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் வைத்தது.

இருமல் கண்ட தொழிலாளி முதலில் எங்கே போகிறார்? ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும். ஆகவே, வேலை விட்டு வரும் வழியிலே மருந்துக் கடையில் நிற்கிறார். “அண்ணே, இருமலுக்கு ஏதாவது கொடுங்க” என்கிறார். அந்த நிமிடத்திலே, மருந்து எடுத்துக் கொடுப்பவர்தான் அவருக்கு முதல் வைத்தியர்!

அங்கே பதிவு பெற்ற மருந்தாளுநர் இருந்தால் என்ன கேட்க வேண்டும்? எத்தனை நாளாக இருமல்? சளியில் இரத்தம் உண்டா? உடம்பு இளைத்ததா? என்ன வேலை செய்கிறீர்? இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், மருந்துப் புட்டியை எடுக்காமல், சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

கடமை எழுதியாயிற்று. அதைச் செய்ய வழி விட்டார்களா? இதுதான் நமது கேள்வி.

விலைக் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு, சில்லறைக் கடையின் பங்கு 16 சதவீதம் என்று 2013ஆம் ஆண்டு ஆணை வகுத்தது. ஆலோசனைக்கு என்று ஒரு காசும் இல்லை. விற்றால் வருமானம், “இந்த மருந்து உமக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போம்” என்றால் வெறுங்கை. நேர்மையாகச் சொல்லுகிறவர் நட்டப்படுகிறார். அவர் மறுத்த மருந்தை அடுத்த கடைக்காரர் கொடுத்துவிட்டால், வாடிக்கையும் அங்கே போகிறது. மூச்சு வாங்குகிறது என்றவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இரண்டு நாள் சுகம் தெரியும். உள்ளே காசநோய் இருந்தால் அது ஓங்கி வளரும். சுகம் கொடுத்த கடைக்கு நல்ல பெயர். உண்மை சொன்ன கடைக்குக் கெட்ட பெயர்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேர்ப் பார்வையில்தான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது பழைய விதி. 2014 மார்ச் முதல், காசநோய் மருந்துகளையும் பல ஆன்டிபயாடிக்குகளையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்பது புதிய விதி. ஆயினும், சான்றிதழ் சுவரிலே தொங்க, சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ இருக்கிற கடைகள் நாட்டிலே உண்டு. பட்டத்தை வாடகைக்கு விடுகிறவரைக் கண்டிக்கிறோம். ஆனால், படித்தவருக்குக் கட்டுப்படியாகும் சம்பளம் தராமல், சுவரில் மாட்டக் காகிதம் மட்டும் போதும் என்று நினைக்கும் முதலாளியை யார் கண்டிப்பது?

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்து விலை குறைவது ஏழைக்கு நன்மை, வரவேற்கிறோம். ஆயினும், மலிவான மாத்திரை “எத்தனை நாளாக இருமல்?” என்று கேட்காது. கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நேரமும் ஊதியமும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். பரிசோதனைக்கு அனுப்பி வைக்கும் மருந்தாளுநரின் உழைப்புக்கு அரசு ஊதியம் தரட்டும். விதி எல்லாக் கடைக்கும் ஒன்றாக நடக்கட்டும். நேர்மையாளர் மட்டும் நட்டப்படும் நிலை ஒழியட்டும். பீங்கான் பட்டறைகளில் தூசியை அடக்க ஈர முறையும், காற்றை இழுக்கும் விசிறியும், ஆண்டுதோறும் நெஞ்சுப் படமும் வரட்டும். தூசியை நிறுத்தாமல் இருமலுக்கு மருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும்.

தோழர்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இரண்டு வாரம் இருமுகிற தொழிலாளி உங்கள் பக்கத்தில் இருந்தால், அவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காசநோய் என்று தெரிந்தால் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித் தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கேட்டுப் பெறுவது பிச்சையன்று, உரிமை. “என்ன வேலை செய்கிறீர்?” என்று கேட்கும் மருந்தாளுநர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் கடைக்கே போங்கள். அவர் மருந்து இல்லை என்று அனுப்பினாலும், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்!