ஊசித்தட்டானும் பொறிவண்டும்

வயலில் பூச்சி பறந்தால் உடனே மருந்து அடிக்கிறோம். ஆனால் எல்லாப் பூச்சியும் பகை அல்ல. பயிரைத் தின்னும் பூச்சிகள் உண்டு. அவற்றைப் பிடித்துத் தின்னும் பூச்சிகளும் உண்டு. அப்படி இரண்டு நண்பர்களைப் பார்ப்போம்.

ஊசித்தட்டான்

இதன் உடல் ஊசி போல் மெலிந்து நீண்டிருக்கும். தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விரித்து வைக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின் மேல் சேர்த்து வைக்கும். நெற்பயிர்களுக்கு நடுவே தாழப் பறக்கும். தத்துப்பூச்சி, புகையான், சிறு அந்துப்பூச்சி ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். இதன் குஞ்சு தண்ணீரில் வளரும். அங்கே கொசுப் புழுக்களைத் தின்னும்.

பொறிவண்டு

இது பாதிப் பட்டாணி போல உருண்டையாக இருக்கும். சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும். பலவற்றுக்குக் கரும்புள்ளிகள் உண்டு. இது செடியில் ஏறி இறங்கி இரை தேடும். அசுவினி, புகையான் குஞ்சு, பூச்சி முட்டை ஆகியவற்றைத் தின்னும். இதன் புழு கறுத்து நீண்டிருக்கும். தாயைப் போலவே இராது. அதுவும் அசுவினியைத் தின்னும். இது தெரியாமல் பலர் அதை நசுக்கி விடுகிறார்கள்.

கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு வேறு. அதன் முதுகில் மெல்லிய மயிர் இருக்கும். பளபளப்பு இராது. அது பகை.

இருவரும் வேண்டும்

ஊசித்தட்டான் பறந்து பிடிக்கிறது. பொறிவண்டு நடந்து பிடிக்கிறது. ஒன்றின் குஞ்சு தண்ணீரில் வேட்டையாடுகிறது. மற்றதன் புழு செடியில் வேட்டையாடுகிறது. ஒன்றுக்குத் தப்பிய பூச்சி மற்றதிடம் சிக்கும்.

1973-74இல் கேரளத்தில் புகையான் பெருகி நெற்பயிரைப் பெரிதும் அழித்தது. புகையான் தூரின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சும். பயிர் தீய்ந்தது போல் காயும். புகையான் முட்டைகள் தாளுக்கு உள்ளே இருக்கும். மருந்து அவற்றை எளிதில் எட்டாது. ஆனால் வெளியே இருக்கும் நண்பர்கள் மருந்தில் சாவார்கள். பிறகு முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும். அவற்றைத் தின்ன ஆள் இராது. அதனால் மருந்து அடித்த வயலிலேயே புகையான் முன்னைவிட அதிகமாகலாம்.

என்ன செய்யலாம்?

வாரம் ஒரு முறை வயலில் இறங்குங்கள். பல இடங்களில் தூரை விலக்கி அடியில் பாருங்கள். பகை எத்தனை, நண்பர் எத்தனை என்று எண்ணுங்கள். பகை மிகுந்திருந்தால் வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். எண்ணிப் பார்க்காமல் மருந்து அடிக்க வேண்டாம். பணமும் மிஞ்சும். நண்பர்களும் பிழைப்பார்கள்.